நானூற்று முப்பத்தாறு மில்லி

2023 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. 5.40-க்கு எழுந்தேன். 6.15-க்கு வார்டில் இருந்தேன். இரவுப் பணி நர்சிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டேன்: படுக்கையில் ஆறு பேர், ஒருவருக்குக் காய்ச்சல், மற்றவர்கள் பரவாயில்லை. 6.50-க்கு மருந்து அலமாரியைச் சரிபார்த்தேன். 7.30-க்குக் கருவிகளை ஸ்டெரிலைசரில் வைத்தேன். 8.10-க்கு இரண்டு இட்லி. 8.30-க்குச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்தோம். பனி விலகாததால் வரிசையில் நின்ற எல்லோர் தோளிலும் போர்வை இருந்தது.

இவ்வளவும் என் டைரியில் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் நீங்கள், பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். உயிரைக் காப்பாற்றிய கதை எதையாவது எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த டைரிகளைப் புரட்டியபோது எனக்கு வந்தது பெருமை அல்ல, எரிச்சல்தான். அதிகம் எரிச்சல் தந்த நாளையே எழுதுகிறேன்.

இருபத்திரண்டு வருடம் நான் வேலை பார்த்தது கொல்லிமலை மேல் ஓர் அறக்கட்டளை நடத்திய பன்னிரண்டு படுக்கை ஆஸ்பத்திரியில். முழங்கால் ஒத்துழைக்காததால் பிறகு நானே விலகிக்கொண்டேன். 2023 ஜனவரி கடைசியில் எங்களுக்கு ஒரு கருவி வந்தது. கைக்கு அடக்கமான ஓர் உணரி, அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் மறுமுனையில் சிறிய திரை. அடிவயிற்றில் ஜெல் தடவி உணரியை வைத்து அழுத்தினால், காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய்த் திரும்பி வரும். சிறுநீர்ப்பையில் எத்தனை மில்லி நிற்கிறது என்று திரையில் ஓர் எண் வரும். படம் கிடையாது, எண் மட்டும்தான்.

சிறுநீர் கழித்துவிட்டு வந்த ஒருவருக்கு அந்த எண் நூறுக்குள் இருந்தால் கவலையில்லை. முந்நூறு, நானூறு என்று தேங்கி நின்றால் பை சரியாகக் காலியாகவில்லை என்று அர்த்தம். நாளடைவில் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். முன்பு இதைத் தெரிந்துகொள்ளச் சிறுநீர்ப் பாதையில் டியூப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆகவே கருவி நல்ல கருவி. அதன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு புகாரும் இல்லை. புகாரெல்லாம் மனிதர்கள்மேல்தான். அந்தப் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது.

கருவியைக் கொண்டுவந்த இளைஞர் ஒன்றரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். ஒரு மணி நேரம் பேட்டரியைப் பற்றி. மீதி நேரம் திரையைத் துடைக்கும் துணியைப் பற்றி. நோயாளியைப் பற்றி ஒரே வாக்கியம்: “போயிட்டு வரச் சொல்லுங்க மேடம், அவ்வளவுதான்.”

அவ்வளவுதானாம்.

அன்றைக்கு 9.20-க்கு வந்தவர் பெயர் காளியப்பன். எடப்புளி நாட்டுக்காரர் (மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு), வயது 58. ஊருக்குள் பஸ் போகாது. ஒரு மணி நேரம் நடந்து ரோட்டுக்கு வந்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இரவில் அடிக்கடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, போனால் முக்க வேண்டியிருக்கிறது என்றார்.

“எத்தனை தடவை எந்திரிக்கிறீங்கண்ணா?”

“அது கெடக்குதுங்க, நாலு, அஞ்சு.”

“நாலா, அஞ்சா?”

“இந்தக் குளிருல எண்ணிக்கிட்டா இருப்பாங்க, நர்சம்மா?”

நான் ‘4–5’ என்று எழுதிக்கொண்டேன். டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, புதுக் கருவியில் பார்த்துவிடலாம் என்றார். டாக்டருக்கு இருபத்தெட்டு வயது. நல்ல பையன், பொறுமைசாலி. அவர்மேல் எனக்கிருந்த ஒரே குறை, திரையில் எண்ணைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும்.

“அண்ணா, ஸ்கேன் பண்ணணும். ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க” என்றேன்.

காளியப்பன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கூச்சம் என்று நினைத்தேன். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தார்.

“ஆச்சுங்களா?”

“ஆச்சுங்க.”

“நல்லாப் போச்சுங்களா?”

“நல்லாங்க.”

‘9.41, சிறுநீர் கழித்தார்’ என்று பதிவேட்டில் எழுதினேன். 9.48-க்கு உணரியை வைத்தேன். 436. இன்னொரு முறை வைத்தேன். 429. டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து மூன்றாம் முறை வைத்தார். 436.

“போயிட்டு வந்தும் நானூத்தி முப்பத்தாறா? எத்தனை நாளா இப்படித் தேங்கிட்டிருக்கோ. டியூப் போடுங்க சிஸ்டர்” என்றார்.

போட்டேன். பத்து நிமிடத்தில் டியூப் முனையில் மாட்டிய பையில் 420 வந்து நின்றது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, பதினாறு மில்லிதான் வித்தியாசம்! என்ன துல்லியம்!” எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். நானும் துல்லியத்துக்கு மயங்குகிற ஆள்தான்.

சேலத்தில் சிறுநீரக டாக்டரைப் பார்க்கக் கடிதம் எழுதப்பட்டது. மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. அதுவரை டியூபும் பையும் அப்படியே இருக்க வேண்டும், அநேகமாக ஆபரேஷன் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். காளியப்பன் பையைத் தூக்கிப் பார்த்தார்.

“இதோட எப்படிங்க ஏணி ஏறது?”

“ஏறக் கூடாது. மூணு வாரம்.”

“மூணு வாரங்களா? கொடியில மிளகு செவந்து நிக்குதுங்க. மூணு வாரத்துல பாதி கொட்டிப்போயிரும், மீதியக் குருவி பாத்துக்கும்.”

“வீட்ல வேற யாரும் ஏற மாட்டாங்களா?”

“பையன் கோயமுத்தூர்ல சென்ட்ரிங் வேலைக்குப் போயிட்டான். அவன் பத்தாவது மாடி ஏறுவான், மிளகு ஏணி ஏற மாட்டான்.”

“ஐயா, மிளகு முக்கியமா, கிட்னி முக்கியமா?”

“ரெண்டும் முக்கியந்தானுங்க டாக்டரய்யா. கிட்னிய வெச்சுக்கிட்டு வருசம் பூரா எதைத் திங்கறது?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பெஞ்சைக் காட்டி, உட்காருங்கள் என்றேன். இதில் பேச ஒன்றுமில்லை என்ற முகத்தோடுதான் சொன்னேன். அந்த முகத்தை நீங்கள் எல்லோரும் கூடிய சீக்கிரம் கற்றுக்கொள்வீர்கள். கற்றுக்கொள்ளாமல் இருந்தால் நல்லது.

11.25-க்கு அவர் மனைவி பாப்பாயி வந்தார். கணவரோடு கிளம்பி, வழியில் செம்மேட்டில் இறங்கி ரேஷன் கார்டு வேலையை முடித்துவிட்டு வந்தவர், கணவர் காலருகே தொங்கிய பையைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இதென்னங்க இது?”

“தேங்கியிருந்துச்சாமா” என்றார் காளியப்பன்.

“தேங்காம என்ன பண்ணும்? மூணு சொம்பு தண்ணிய ஊத்திக்கிட்டுப் பஸ்ஸு பூராவும் கால மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு வந்த மனுசனுக்கு!”

நான் ஊசி மருந்து அட்டையில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். பேனா நின்றது.

“அண்ணா, நீங்க உள்ள போனீங்கல்ல?”

“போனேனுங்க.”

“போய் என்ன பண்ணீங்க?”

காளியப்பன் மனைவியைப் பார்த்தார். பாப்பாயி கூரையைப் பார்த்தார்.

“தண்ணிய மொண்டு ஊத்துனேங்க. நீங்க வெளிய நிக்கறீங்களேன்னு.”

“நான் ஒண்ணுக்குப் போகச் சொன்னேன்ல?”

“சொன்னீங்க. அடக்கிட்டு வந்தாத்தான் ஸ்கேன்ல தெரியும்னும் நீங்கதானுங்க சொல்லியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு நானும் உள்ள நின்னு யோசிச்சேன். எம்மவள மாசமா இருக்கறப்ப மலை ரோட்டுல எழுபது வளைவு எறங்கி ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போனா, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துட்டான்னு திருப்பி அனுப்பீட்டாங்க. ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கறோம். நீங்களும் அனுப்பீட்டா?”

“அதா, அங்க எழுதியே போட்டிருக்கீங்களே” என்று பாப்பாயி கையை நீட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். கழிவறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘ஸ்கேன் எடுப்பவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் இருக்கவும்.’ கீழே ஸ்கேனுக்கு அனுப்பும் கர்ப்பிணிகளுக்காக எழுதியது. எழுத்து கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்து நானே எழுதியது.

என் நிலையை யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வருடம் ஒவ்வொரு ஊராகப் போய், ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அவள் மாமியாரிடமும் கணவனிடமும், அடக்கிக்கொண்டு வா, அடக்கிக்கொண்டு வா என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அவர்களும் எவ்வளவோ விஷயத்தில் என் பேச்சைக் கேட்கவில்லை. மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள், காயத்துக்குப் போட்ட கட்டை அவிழ்த்தார்கள், தடுப்பூசிக்கு ஒளிந்துகொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மலையே என் பேச்சைக் கேட்டிருக்கிறது. காளியப்பன்மேல் கோபப்பட எனக்கு எந்த வழியும் இல்லை. அதுவே கோபத்தை இன்னும் கூட்டியது.

டாக்டர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“சிஸ்டர், நானூத்தி இருபது மில்லி வந்துச்சு. கண்ணால பாத்தோம்.”

“வந்துச்சு சார். தேங்கினதுன்னு எப்படிச் சொல்றது? அவர் போகவே இல்லையே.”

“இப்ப அப்படிச் சொல்றார். மிளகு பறிக்கணும், அதனால சொல்றார்.”

இது நியாயமான சந்தேகம். கருவியை எடுத்துக்கொண்டு திரை மறைவுக்குப் போனேன். என் வயிற்றில் நானே ஜெல் தடவி உணரியை வைத்தேன். வெளியே வந்து எண்ணை அவரிடம் காட்டினேன். 412.

“காலையில 5.50-க்குப் போனது சார். அதுக்கப்புறம் எனக்கு நேரமில்லை. எனக்கும் டியூப் போட்டுச் சேலத்துக்கு அனுப்பறீங்களா?”

டாக்டர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சரி, எடுத்துடலாம். ஆனா நிஜமாவே அவருக்கு அடைப்பு இருந்து, ஊருக்குப் போனப்புறம் அடைச்சுக்கிட்டா? ரோட்டுக்கு வரவே ஒரு மணி நேரம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?”

அதுவும் நியாயம்தான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது யார் சத்தமாகப் பேசுகிறார்கள் என்று பார்க்காதீர்கள். மறுபடி அளந்து பாருங்கள். டியூபை எடுப்பது, தண்ணீர் கொடுப்பது, அவர் போன பிறகு அளப்பது. எண் குறைவாக இருந்தால் வீட்டுக்கு அனுப்புவது, இல்லையென்றால் மீண்டும் டியூப் போடுவது என்று முடிவு செய்தோம். அவர்கள் பக்கம் போகும் கடைசி பஸ் 4.15-க்கு. அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

12.02-க்கு நான் போய்விட்டு வந்தேன். 12.10-க்கு அவர் டியூபை எடுத்தேன்.

12.30-க்கு ஒரு சொம்பு தண்ணீர், 1.15-க்கு இன்னொன்று. நடுவில் பாப்பாயி கொண்டுவந்திருந்த சோறு. 1.30-க்கு ஒன்றும் இல்லை. 2 மணிக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் நாலு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். 2.20-க்குக் காளியப்பன் எழுந்து நின்றார்.

“முட்டுதுங்க.”

“போங்க.”

“போகட்டுங்களா, அடக்கட்டுங்களா? அப்பறம் மாத்திச் சொல்லிராதீங்க சாமி.”

“போய்யா மனுசா” என்றார் பாப்பாயி. “அந்தம்மா அழுதுருவாங்க.”

இந்த முறை கையில் அளவு ஜாடியைக் கொடுத்து அனுப்பினேன். சத்தத்தை நம்பும் காலம் முடிந்துவிட்டது. ஆறு நிமிடம் கழித்து வந்தார். ஜாடியில் 60 மில்லி. எரியுதுங்க, வர மாட்டேங்குது என்றார். உணரியை வைத்தேன். 210.

டாக்டர் முகம் இறுகியது. “பாத்தீங்களா சிஸ்டர்? அடைப்பு இருக்கு. டியூப் எடுத்து வையுங்க.”

பாப்பாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். காளியப்பன் சட்டை பட்டனைப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டிருந்தார்.

டியூப் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டேன். பிரிக்கவில்லை. அந்த ஆறு நிமிடம் எப்படிப் போனது என்று நினைத்துப் பார்த்தேன். கதவுக்கு இந்தப் பக்கம் டாக்டர், நான், பாப்பாயி. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்து நின்றிருந்தோம். டாக்டர் கதவைத் தட்டி “வருதா?” என்று வேறு கேட்டார். இரண்டு மணி நேரத்துக்கு முன்தான் டியூபை உருவியிருக்கிறோம். எரிச்சல் இல்லாமல் இருக்குமா? ஆயுள் முழுக்கத் திறந்த வெளியில் போய்ப் பழகிய மனிதரை ஒரு சின்ன அறைக்குள் விட்டு, பரீட்சை ஹால்போல் காவல் காத்தால் யாருக்கு வரும்?

“சார், இன்னும் முக்கால் மணி நேரம் கொடுங்க.”

“பஸ்?”

“பஸ்ஸுக்கு நேரமிருக்கு. 3.15-க்கும் இப்படியே இருந்தா நானே போடறேன், நானே அவரைச் சமாதானப்படுத்தறேன்.”

சொல்லிவிட்டேனே தவிர, உறுதி ஒன்றும் இல்லை. எண் 210 என்று திரையில் நிற்கிறது. நான் தப்பாக இருந்தால் ஒரு மனிதர் ஊரில் வலியில் துடிப்பார். டாக்டர் தப்பாக இருந்தால் ஒரு மனிதர் தேவையில்லாமல் மூன்று வாரம் பையோடு அலைந்து, விளைந்ததைப் பறிகொடுத்து, கடைசியில் ஒருவேளை கத்திக்கும் போவார். எது பெரிய தப்பு என்று எந்தக் கருவியும் சொல்லாது.

காளியப்பனிடம் இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். ஜாடியையும் கொடுத்தேன்.

“அண்ணா, பின்னால பலாமரத்துக்கு அந்தப்பக்கம் போங்க. ஒருத்தரும் வர மாட்டோம். அவசரமில்ல. எப்ப வருதோ அப்ப இதுல புடிச்சுட்டு வாங்க.”

“மரத்தடியிலீங்களா? அங்க அசுத்தம் செய்யாதீர்னு போர்டு வெச்சிருக்கீங்களே?”

“அதையும் நாந்தான் வெச்சேன். போங்க!”

3.05-க்கு வந்தார். ஜாடியைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். 290. உணரியை வைத்தேன். 44. டாக்டர் வாங்கி வைத்தார். 51. மறுபடி வைத்தார். 40.

டாக்டர் சேலத்துக் கடிதத்தைக் கிழித்தார். வயதானால் புராஸ்டேட் சுரப்பியில் வரும் வீக்கம்தான், மாத்திரை போதும், அடுத்த செவ்வாய் வாருங்கள், நடுவில் சுத்தமாக வரவில்லையென்றால் மணி பார்க்காமல் போன் பண்ணுங்கள் என்று சொல்லி, தன் எண்ணைப் பாப்பாயியின் போனில் அவரே பதிந்து கொடுத்தார்.

“நாளைக்கு ஏணி ஏறலாமுங்களா?”

“ஏறுங்கய்யா.”

“அடுத்த செவ்வாக்கெழம போயிட்டு வரணுங்களா, அடக்கிட்டு வரணுங்களா?”

“நீங்க சும்மா வாங்க. இங்க வந்தப்பறம் சொல்றேன்” என்றேன்.

அவர்கள் 4.15 பஸ்ஸுக்குப் போனார்கள். 4.30-க்குப் பதிவேட்டைத் திறந்தேன். கருவி வந்த இரண்டு வாரத்தில் பதினான்கு பேரை அளந்திருந்தோம். பதினான்கு வரியிலும் என் கையெழுத்தில், நிமிடம் பிசகாமல் நேரம் போட்டு, ‘சிறுநீர் கழித்தார்’ என்று இருந்தது. ஒருவர் கழித்ததையும் நான் பார்க்கவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டேன், தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டேன், பார்த்ததுபோல் எழுதினேன். நேரம் துல்லியமாக இருந்ததால் விஷயமும் துல்லியம் என்று எனக்கே தோன்றியிருக்கிறது. கேட்டதைக் கேட்டது என்றும், பார்த்ததைப் பார்த்தது என்றும் எழுதுங்கள். இதைச் சொல்ல ஒருத்தி இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அவ்வளவு ஆயிற்று. நோயாளி “ஆச்சுங்க” என்றால், என்ன ஆச்சு என்று கேளுங்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. நாம் திட்டுவோம் என்று பயந்து, நமக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறார்கள்.

பதினான்கில் ஐந்து பேருக்கு முந்நூறுக்குமேல். அதில் காளியப்பனைத் தவிர இரண்டு பேருக்கு டியூப் போட்டிருந்தோம். டாக்டர் ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். ஒருவர் ஏற்கெனவே கீழே போய்ச் சேலத்தில் படுத்திருந்தார். டாக்டர் உடனே அங்கே போன் செய்து, எதுவும் செய்வதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள், தப்பு எங்களுடையதாக இருக்கலாம் என்று சொன்னார். சொல்லும்போது அவர் காது சிவந்திருந்தது. ஆனால் சொன்னார். அந்த ஒரு போனுக்காகவே அவர்மேல் இருந்த குறையை நான் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இன்னொருவர் பைல் நாட்டு அழகம்மாள், வயது 46, சர்க்கரை நோய். போன் கிடையாது. வெள்ளிக்கிழமை சேலம் போக வேண்டியவர். “போய்ப் பாருங்க சிஸ்டர்” என்று டாக்டர் சொல்லி, டியூபை எடுக்கலாம், எடுத்தபின் போகவிட்டு அளக்கவும் என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 8, புதன்கிழமை. 6.05 பஸ்ஸைப் பிடித்தேன். பையில் உணரி, ஜெல், கையுறை, டியூபை எடுக்கச் சிரிஞ்சு, ஜாடி. 6.50-க்கு இறங்கி இருபது நிமிடம் நடந்தேன். அழகம்மாள் வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். டியூப் போட்டு எட்டாவது நாள். இடுப்புச் சேலைக்குள் பையைச் சொருகியிருந்ததால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க நர்சம்மா, விடிஞ்சும் விடியாம? வெள்ளிக்கெழமதான போகச் சொன்னீங்க?”

“ஒண்ணு கேக்கணும் அழகம்மா. அன்னிக்கு ஸ்கேனுக்கு முன்னால பாத்ரூமுக்குப் போனீங்கல்ல, உள்ள என்ன பண்ணீங்க?”

முறத்தைக் கீழே வைத்தார்.

“திட்ட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“சும்மா நின்னுட்டு வந்தேனுங்க.”

சிரிஞ்சை எடுத்து வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கேட்டேன்.